கரை தாண்டிய டெல்டா – 9: ஒரு கோடி டாலரும் ஒரு நிபந்தனையும்

போன வாரம் ஸ்ரீதர் வேம்புவை ஓர் ஒப்பந்தக் காகிதத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். பாவம், ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறார். நீங்களும்தான்.

காகிதத்தைப் படித்துவிடுவோம்.

அட்வென்ட்நெட் கம்பெனியின் மதிப்பு 20 கோடி டாலர். அதில் 5 சதவீதப் பங்குக்கு விலை 1 கோடி டாலர். கையெழுத்துப் போட்டால் பணம்.

யாருக்குத்தான் கை பரபரக்காது?

கம்பெனிப் பெயரோடு 'டாட் காம்' என்று ஒட்டிக்கொண்டாலே முதலீட்டாளர்கள் வாசலில் வந்து நின்ற காலம் அது. அட்வென்ட்நெட் அப்படி வெறும் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு பிழைத்த கம்பெனி இல்லை. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்கிறவர்களுக்கு, அந்தக் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தது. சரக்கு இருந்தது, வாங்க ஆள் இருந்தது, வரவும் இருந்தது. எழுதிய கைகள் நூற்றுக்கு மேல். அவை சென்னையில் இருந்தன. அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணும்படி சிலர்தான்.

ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா சென்னை ஹைகோர்ட்டில் ஸ்டெனோ. தமிழ் மீடியத்தில் படித்த பையன் ஐஐடி போய், பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கி, குவால்காமில் கிடைத்த நல்ல வேலையையும் விட்டுவிட்டு வந்த கதையைப் பார்த்துவிட்டோம். தம்பிமார்களும் கூட்டாளி டோனி தாமஸும் சேர்ந்து கட்டிய கம்பெனி. வெளியாள் காசு ஒன்றுகூட அதில் கிடையாது. இப்போது தலைமைப் பொறுப்பு ஸ்ரீதர் கையில். வந்த புதிதிலேயே இந்தக் காகிதம்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனையைத் தவிர.

ஏழெட்டு வருஷத்துக்குள் கம்பெனியை யாருக்காவது விற்க வேண்டும். அல்லது பங்குச் சந்தையில் இறக்க வேண்டும்.

முதலீட்டாளரைத் திட்டாதீர்கள். அவர் பிழைப்பு அப்படி. அவர் கொடுப்பது அவர் காசு இல்லை. ஓய்வூதிய நிதிகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் பெரும் பணக்காரர்களிடமும் திரட்டிய காசு. பெரும்பாலும் பத்து வருஷக் கெடு. அதற்குள் பெருக்கித் திருப்பித் தர வேண்டும். போட்ட பணத்தை வெளியே எடுக்க அவருக்கு ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவைத்தான் நிபந்தனையாக எழுதியிருந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஸ்ரீதர் பக்கம்?

குறுவைக்கு விதை விடும்போதே, இந்த நிலத்தை எந்த வருஷம் கிரயம் பண்ணப் போகிறாய் என்று கேட்டால் டெல்டாக்காரனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும்.

இதைத் தொழில் தெரியாதவனின் உணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. பிரின்ஸ்டனில் மின்பொறியியல் படித்த நாட்களிலேயே இவர் மனத்தைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. ஜப்பானும் சிங்கப்பூரும் எப்படி எழுந்தன? நாம் ஏன் எழவில்லை? பாடத்தோடு பாடமாகப் பொருளாதாரப் புத்தகங்களையும் புரட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் கேள்விக்கு விடை தேடுகிற ஆளுக்கு எட்டு வருஷம் எம்மாத்திரம்? எட்டாவது வருஷம் வாங்குகிறவன் சென்னை அலுவலகத்தை வைத்துக்கொள்வானா, இழுத்து மூடுவானா? யாருக்குத் தெரியும்!

சிங்கப்பூர் என்றதும் நாகூர் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்வது தெரிகிறது. கடல் கடந்து பொருள் தேடுவது உங்களுக்குப் புதிதா? வீட்டுக்கு ஒரு சபுராளியை, அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவரை, கண்ட ஊர். இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து போன வணிகர்கள் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் பினாங்கு சூலியா தெருவிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா எழுப்பினார்கள். தொழில் வெளியூரில், மனசு சொந்த ஊரில். அந்த ரத்தம் ஸ்ரீதருக்குள்ளும் ஓடியது. உடம்பு கலிபோர்னியாவில் இருந்தது. கம்பெனியின் உயிர் சென்னையில் இருந்தது.

கொஞ்சம் பிடிவாதமும் உண்டு என்பது என் கட்சி. தன் தலைக்கு மேல் இன்னொருவர் உட்கார்ந்து கெடு வைப்பதை இந்த மனிதரால் தாங்க முடியாது. பின்னாளில் அவர் எடுத்த பல முடிவுகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பேனா அங்கேயே இருந்தது.

ஒரு கோடி டாலர். தான் மட்டும் என்றால் சரி. தம்பிமார்கள், கூட்டாளி, நூறு பொறியாளர்கள், அவர்கள் வீடுகள் எல்லாம் பின்னால் நிற்கின்றன. நாளைக்குக் காற்று திசை மாறினால் தாங்க அந்தப் பணம் உதவாதா?

வேண்டாம் என்றார்.

அவ்வளவுதான். ஒரு கோடி டாலர் வந்த வழியே போனது.

காற்றும் திசை மாறியது.

டாட் காம் குமிழி உடைந்தது. உடைந்த வேகத்தில் சேர்ந்து விழுந்தவர்கள் யார் தெரியுமா? முதலீட்டாளர் காசில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த தொலைத்தொடர்புக் கம்பெனிகள். அதாவது, அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர்கள். காசு வரத்து நின்றதும் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 150 பேர். இரண்டு மூன்று வருஷத்துக்குள் எத்தனை பேர் மிஞ்சினார்கள்?

மூன்று.

முப்பது இல்லை ஐயா. 3.

சென்னையில் நூற்றுக்கு மேற்பட்ட பொறியாளர்கள். எழுதித் தர ஆர்டர் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம். வேறெந்த முதலாளியாக இருந்தாலும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். முதலீட்டாளர் பக்கத்தில் இருந்திருந்தால் அனுப்பச் சொல்லியிருப்பார்.

ஸ்ரீதர் ஆட்களை வெட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த அந்தப் பொறியாளர்களுக்கு ஒரு புது வேலை கொடுத்தார். அந்தக் கம்பெனி அதுவரை தொடாத வேலை. அவரை இன்றைக்கு உலகம் அறிந்த ஆளாக்கியதன் தொடக்கம் அந்த வேலைதான்.

என்ன வேலை என்று அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் உங்கள் வீட்டு ஐடி பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிடாதீர்கள்!

(தொடரும்)