பால்டிக் கடல் பற்றிய பொருளாதார, சமூகப் பகுப்பாய்வில் வட்டார ஒத்துழைப்பு: ஒரு வரலாற்று நோக்கு (1974–2022)

ஆய்வுச் சுருக்கம்

கடல் மாசுபாட்டினால் விளையும் இழப்பைப் பல நாடுகள் ஒன்றுகூடி அளவிட முனைந்த வரலாற்றைப் பால்டிக் கடலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பொது அளவுகோல் எவ்வாறு உருவானது, அதன் வரம்புகள் யாவை என்பன இதன் மையப் பொருள்களாகும்.

திறவுச்சொற்கள்: பால்டிக் கடல், ஹெல்சிங்கி உடன்படிக்கை, மிகையூட்டம், பொருளாதார மதிப்பீடு

முன்னுரை

பால்டிக் கடலைச் சுற்றி இன்று ஒன்பது நாடுகள் அமைந்துள்ளன. அதன் வடிநிலத்தில் ஏறத்தாழ 85 மில்லியன் மக்கள் வாழ்கின்றனர். குறுகிய நீரிணைகள் வழியாகவே வெளிக்கடலோடு இணைந்திருப்பதால், இக்கடலின் நீர் முழுமையாக மாறுவதற்குச் சுமார் 30 ஆண்டுகள் ஆகின்றன. எனவே, ஒரு நாட்டின் வயல்களிலிருந்தும் கழிவுநீர்க் குழாய்களிலிருந்தும் வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பிற நாடுகளின் கரைகளிலும் நீலப்பசும்பாசிப் பெருக்கமாக வெளிப்படுகின்றன.

உடன்படிக்கையும் சம விகிதக் குறைப்பும்

1974ஆம் ஆண்டு பனிப்போர்க் காலத்தில், இரு முகாம்களையும் சேர்ந்த ஏழு கரையோர நாடுகள் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1980இல் அது நடைமுறைக்கு வந்தது. 1988இல் கூடிய அமைச்சர்கள், ஊட்டப்பொருள் வரவை 50 விழுக்காடு குறைப்பதென அறிவித்தனர். எல்லா நாடுகளுக்கும் ஒரே விகிதம் என்பது நேர்மையானதாகத் தோன்றியது. ஆயினும், ஒரு கிலோ நைட்ரஜனைக் குறைக்க ஆகும் செலவு நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபட்டது. சம விகிதக் குறைப்பு மொத்தச் செலவை மிகுவிக்கும் என்பதை 1990களில் இங்-மாரி கிரேன் முதலிய பொருளியலாளர்கள் எடுத்துக்காட்டினர். 2007ஆம் ஆண்டின் பால்டிக் கடல் செயல்திட்டம் நாடுவாரியான குறைப்பு இலக்குகளை வகுத்தது.

பொது அளவுகோல்

செலவைக் கணிப்பதைவிடப் பயனைக் கணிப்பது கடினமாக இருந்தது. தூய கடலுக்குச் சந்தை விலை இல்லை. ஆகவே, அதற்காக எவ்வளவு செலுத்த முன்வருவார்கள் என்று மக்களிடமே கேட்கும் முறை கையாளப்பட்டது. தொடக்கக்கால ஆய்வுகள் சுவீடன், போலந்து போன்ற சில நாடுகளின் முடிவுகளை வருமான அடிப்படையில் பிற நாடுகளுக்கும் பொருத்திப் பார்த்தன. 2011இல் ஒன்பது நாடுகளிலும் ஒரே வினாத்தாளைக் கொண்டு, பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஊகம் நின்ற இடத்தில் ஒப்பிடத்தக்க தரவு வந்தமைந்தது.

இதற்கிடையே, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கடல்சார் உத்திக் கட்டமைப்பு நெறிமுறை, கடற்பயன்பாடு பற்றிய பொருளாதார, சமூகப் பகுப்பாய்வையும் கடல் சீர்கேட்டின் விலையைக் கணிப்பதையும் உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது. ஹெல்காம் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை இப்பகுப்பாய்வை வட்டார அளவில் இணைத்துக்கொண்டது. மிகையூட்டத்தால் ஏற்படும் நலன் இழப்பு ஆண்டுக்கு 380 முதல் 440 கோடி யூரோ என அது மதிப்பிட்டது.

அளவுகோலின் வரம்பு

2011 கணக்கெடுப்பில் சுவீடன் மக்கள் மிகுந்த தொகையைக் கூறினர். லாட்வியா, லித்துவேனியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் தொகை மிகக் குறைவு. இதனைக் கடல்மீதுள்ள அக்கறையின் அளவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. செலுத்த முன்வரும் தொகை செலுத்தும் ஆற்றலையும் சார்ந்தது. தொகைகளை வெறுமனே கூட்டும்போது செல்வ நாட்டினரின் விருப்பமே கணக்கில் ஓங்கி நிற்கிறது. கடலை நம்பி வாழும் சிறு மீனவரின் இழப்பு சராசரிக்குள் மறைந்துவிடுகிறது. பொருளாதாரப் பகுப்பாய்வுடன் சமூகப் பகுப்பாய்வும் இணைய வேண்டிய தேவை இங்கிருந்தே எழுகிறது.

முடிவுரை

உக்ரைன்மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, 2022இல் ரஷ்யா பங்கேற்கும் ஹெல்காம் அலுவல் கூட்டங்களைப் பிற உறுப்பினர்கள் நிறுத்திவைத்தனர். பனிப்போரிலும் முறியாத இழை அப்போது தளர்ந்தது. நேவா ஆறு பின்லாந்து வளைகுடாவில் கலப்பது நிற்கவில்லை. அதன் விளைவைக் கூடியிருந்து கணிக்கும் அவைதான் குறைவுற்றது. பொதுக் கடலுக்குப் பொதுக் கணக்கு தேவை என்பதும், அக்கணக்கு அரசியல் நம்பிக்கையின்மேல் நிற்பது என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படுகின்றன.