அருகிருந்து கேட்ட ஆர்மோனியம்

மேலை நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஐம்பது அறுபது பேர் மட்டுமே அமரக்கூடிய சிறியதொரு மண்டபம். அதன் ஒரு மூலையில் ஒரு பியானோ. அதன் முன் ஒருவர் வந்து அமர்கிறார். பாட்டை எழுதியவரும் அவரே. மெட்டு அமைத்தவரும் அவரே. வாசிப்பவரும் பாடுபவரும் அவரே. அவருக்கும் கேட்போருக்கும் இடையே நாலடித் தூரந்தான். அவர் மூச்சு வாங்கும் ஒலிகூடக் காதில் விழும். அத்தகைய மாலைப் பொழுது வாய்ப்பதைப் பெரும் பேறாகவே அந்நாட்டார் கருதுவர்.

“நம் நாட்டில் இப்படி ஒன்று உண்டா?” என்று அண்மையில் ஓர் இளைஞர் என்னை வினவினார். உண்டு. சங்கரன்கோவிலை அடுத்த கரிசல் காட்டில், எங்கள் திருவேங்கடத்திலேயே உண்டு. அங்கே பியானோ இருந்த இடத்தில் இங்கே ஆர்மோனியப் பெட்டி இருந்தது, வேற்றுமை அவ்வளவே. அப்பெட்டியின் வரலாற்றையும், அதை இகழ்ந்து பேசிய ஒருவனுடைய கதையையும் இன்று சொல்லக் கருதுகிறேன். அந்த ஒருவன் வேறு யாருமல்லன்; நானே.

தானே பாட்டியற்றித் தானே பாடும் மரபு எங்கள் பக்கத்துக்குப் புதியது அன்று. சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் 1865ஆம் ஆண்டு பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். திருவாவடுதுறை மடத்தில் பாடம் கேட்டவர்; ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவைப் பெற்றவர். காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்து செல்வோரின் காலடித் தாளத்துக்கு இசைய அவர் பாடியவையே காவடிச் சிந்து என்னும் புகழ்பெற்ற பாடல்கள். அவர் வாழ்ந்தது சுமார் இருபத்தாறு ஆண்டுகளே. அவருக்கு அரங்கமும் இல்லை, மேடையும் இல்லை. வழிநடையே அரங்கம், உடன் நடந்தவர்களே அவை. பாடுவோனும் கேட்போனும் ஒரே புழுதியில் நின்றார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

இனி, பெட்டியின் கதைக்கு வருவோம். ஆர்மோனியம் பிறந்த ஊர் பாரிஸ் நகரம். அலெக்சாந்தர் தெபைன் என்பவர் 1842ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பியானோவில் சிறு சுத்தியல்கள் கம்பிகளைத் தட்டி ஒலி எழுப்புகின்றன. ஆர்மோனியத்திலோ கம்பி கிடையாது. துருத்தி காற்றை அடைக்கிறது. கட்டையை அழுத்தியதும் அக்காற்று பித்தளை நாக்கு ஒன்றை அதிரச் செய்துகொண்டு வெளியேறுகிறது. அந்த அதிர்வே சுரம். முதலில் வந்தவை மேசை போன்ற பெரிய கருவிகள். காலால் மிதித்துக் காற்றூட்ட வேண்டும். 1875ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் அதைத் தரையில் அமர்ந்து வாசிப்பதற்கு ஏற்ற கைப்பெட்டியாக அமைத்தார் என்பர். இடக்கை துருத்தியை இயக்க, வலக்கை கட்டைகளின்மேல் ஓடும். நாற்காலி வேண்டுவதில்லை. ஒரே ஆள் தோளில் சுமந்து செல்லலாம். மழையிலும் வெயிலிலும் அடிக்கடி சுருதி கூட்டும் தொல்லையும் இல்லை. ஊர் ஊராக அலையும் ஏழைப் பாடகனுக்கு இதைவிட உற்ற துணை வேறு எது?

தமிழ்நாட்டில் இப்பெட்டியைப் பரப்பியது நாடகமே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் ஆர்மோனியத்தையும் உடன் கொண்டு வந்தன. நம் நாடகத்தார் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக் கொண்டனர். 1867இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டும் வசனமுமாக எழுதிக் குவித்த நாடகங்கள் ஆர்மோனியத்தின் துணையோடு ஊர்தோறும் ஒலித்தன. எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் நிழல்போல் உடன் சென்றது. எங்களுக்கு அண்மையிலுள்ள சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ் புராண நாடகத்துக்குள் தேச விடுதலைப் பாட்டைப் பாடிப் பன்முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக் கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இந்நாடகங்களில் கவனிக்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. நடிகர் மேடைக்கு வருமுன் ஆர்மோனியக்காரர் தாமே சிறிது நேரம் பாடுவார். கடவுள் வணக்கத்தில் தொடங்கி, அவ்வூர்ச் சாமியையும், கண்மாயையும், நாடகம் வைத்த பெரியவர்களையும் சேர்த்து அப்போதைக்கப்போது கட்டிப் பாடுவதும் உண்டு. விளக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மக்களுக்கும் அவருக்கும் இடையே தடையேதும் இல்லை. பியானோவின் முன் அமர்ந்த மேலைநாட்டுப் பாடகருக்கும் இவருக்கும் தொழில் ஒன்றே.

இவ்வளவு செல்வாக்குப் பெற்ற பெட்டிக்குப் படித்தவர்களிடத்தில் பெரும் பகை மூண்டது. அப்பகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் இசைக்கு உயிர் கமகம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் வழுக்கிச் செல்லும். ஒரே சுரம் ராகத்துக்கு ராகம் சற்றே ஏறியும் இறங்கியும் நிற்கும். ஆர்மோனியத்திலோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வகுத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள ஒலியை அதனால் தொட முடியாது. இரவீந்திரநாத தாகூரும் அதை விரும்பவில்லை. தம் ஆசிரமத்தில் அதற்கு இடமில்லை என்று 1940இல் கல்கத்தா வானொலி நிலையத்தாருக்கு எழுதினார். அவ்வாண்டு மார்ச் முதல் நாளிலிருந்து அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. நாடு விடுதலை பெற்றது, ஆட்சி மாறியது, அந்த விலக்கு மட்டும் மாறவில்லை. ஏறத்தாழ முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 1971ஆம் ஆண்டிலேதான் அது தளர்த்தப்பட்டது.

அந்த முப்பத்தொரு ஆண்டுகளும் பெட்டி எங்கே இருந்தது? ஊர்ச் சாவடியில் இருந்தது. கோயில் பஜனை மடத்தில் இருந்தது. மாதா கோயிலில் இருந்தது. தெருமுனைப் பொதுக்கூட்டத்தில் இருந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் மக்கள் அறிந்த மெட்டுகளுக்குத் தாமே சொல்லமைத்துப் பாடியது இக்காலத்திலேதான். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே அவர் பாடினார். அவருடன் ஊர் ஊராகச் சென்ற தம்பி ராசையா, பின்னர் 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாக இளையராஜாவாக உலகுக்கு அறிமுகமானார். தாமே எழுதி, தாமே இசையமைத்து, ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து தாமே பாடுகிற அவரை இன்று ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்கின்றனர். அந்தப் பாட்டின் நாற்றங்கால் வானொலி நிலையம் அன்று, தெருமுனையே.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1986ஆம் ஆண்டு. நான் இளம் ஆசிரியன். பள்ளி ஆண்டு விழா ஏற்பாடு என் பொறுப்பில் இருந்தது. திருவேங்கடத்தில் தங்கியிருந்த முதிய ஆர்மோனியக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாடகங்கள் குறைந்துவிட்ட காலம் அது. “பிள்ளைகளுக்காக நாலு பாட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், வாத்தியாரய்யா, ஒரு கால்மணி நேரம் கொடுங்கள்” என்றார். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் படித்ததெல்லாம் எனக்கு அப்போது நினைவில் பசுமையாக இருந்தது. “ஆர்மோனியம் நம் இசைக்கு ஒவ்வாதது, பெரியவரே, வானொலியே அதை விலக்கி வைத்திருக்கிறதே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விலக்குத் தளர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எனக்குத் தெரியாது. தெரியாதது ஒரு குற்றம். தெரிந்தவன்போல் பேசியது அதனினும் பெரிய குற்றம். அவர் மறுமொழி சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு போய்விட்டார்.

சில வாரங்களுக்குப் பின், ஒரு நாள் இரவு, கடைத்தெருவிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் அவர் பாடிக் கொண்டிருந்தார். நாற்பது பேர் இருக்கலாம். ஒலிபெருக்கி இல்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் பாடியது சாமி பாட்டு அன்று. எங்கள் வட்டாரத்தில் மானாவாரி விவசாயம் பொய்த்தால் வீட்டைக் காப்பது தீப்பெட்டித் தொழில். அக்காலத்தில் சிறுவர் சிறுமியர் பலர் பள்ளிக்கு வருவதை விட்டு அவ்வேலைக்குச் சென்றனர். கட்டையில் குச்சி அடுக்கும் ஒரு சிறுமியைப் பற்றியது அவர் பாட்டு. நாளெல்லாம் ஆயிரக்கணக்கில் குச்சிகளை எண்ணி அடுக்கும் அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியவில்லை என்பதே அதன் கருத்து. ஈற்றடிக்கு வந்ததும் அவர் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பெட்டியில் மிச்சமிருந்த காற்று மெல்ல அடங்கியது. அந்த ஒலி தேயும் மட்டும் எவரும் அசையவில்லை. திண்ணையின் ஓரத்தில் ஒரு தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள்.

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. எனக்கோ பெயர்கள் தெரியும். என் வருகைப் பதிவேட்டில் மாதக்கணக்கில் வராமல் கிடந்த பெயர்கள் அவை. ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு நேரே குறியிட்டு வந்தவன் நான். பதிவேட்டை மூடியதும் அவர்களை மறந்தும் வந்தேன். இப்பாட்டை வானொலியில் கேட்டிருந்தால் ஒருவேளை ரசித்துவிட்டுப் போயிருப்பேன். ஐந்தடித் தூரத்தில், பாடியவரின் கண்ணுக்கு எதிரே நின்று கேட்டதால் தப்ப முடியவில்லை. அருகிருந்து கேட்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. கமகம் இல்லை என்று நான் குறை சொன்ன பெட்டியைப் பற்றி அந்த இரவில் எனக்கு நினைவே வரவில்லை.

மறுவாரம் அந்தப் பெயர்களுக்குரிய வீடுகளுக்கு நடந்தேன். சிலர் பள்ளிக்குத் திரும்பினர், பலர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு அப்பெரியவரை அழைக்கச் சென்றேன். அவர் பெட்டியை விற்றுவிட்டு, மகனோடு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். அவர் கட்டிய பாட்டை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. எனக்குக் கருத்து நினைவிருக்கிறது; சொல் நினைவில்லை.

ஆர்மோனியத்தைக் குறை கூறிய அறிஞர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். சுரத்தைப் பற்றி அவர்கள் சொன்னது இன்றும் மெய்யே. ஆயினும் சுரத்தை அளந்த கோலால் அதன் பின்னே அமர்ந்திருந்த மனிதரையும் அளந்துவிட்டோம். எளிய மனிதர் தம் ஊரின் துன்பத்தைத் தம் ஊராருக்கே பாடிக் காட்ட அக்காலத்தில் கைக்கெட்டிய கருவி அது ஒன்றே. அதை இகழ்ந்தபோது, அவருடைய சொல்லையும் சேர்த்தே வெளியே அனுப்பினோம்.

ஒரு காலத்தில் அப்பெட்டியை விலக்கி வைத்த வானொலியிலேயே இதை நான் சொல்ல வாய்த்தது. நேயர்களே, உங்கள் ஊரிலும் பாட்டுக் கட்டிப் பாடும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய பெட்டி பழையதாக இருக்கலாம். ஒரு கட்டை ஊமையாகவும் இருக்கலாம். கால்மணி நேரம் கேட்டால், கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.