பெரியப்பா வாங்கிய செங்கல்

1988-ம் வருஷம் என் பெரியப்பா 250 ரூபாய் கொடுத்து ஒரு செங்கல் வாங்கினார். தங்கச் செங்கல் அல்ல. சாதாரணச் சூளைச் செங்கல்தான்.

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருந்தார். பதினைந்தாம் நாள் தபால்காரர் வந்து, "வி.பி.பி. வந்திருக்கு, சார்" என்றார். பெரியப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் வைக்கோல், பழைய தினசரிக் காகிதம், நடுவில் மேற்படி செங்கல். "இன்னும் ஆயிரம் வரவழைத்தால் மாடி கட்டிவிடலாமே!" என்றாள் பெரியம்மா. ஒரு வாரம் பெரியப்பா அவளோடு பேசவில்லை.

முகம் தெரியாத வியாபாரியிடம் சாமான் வாங்குவதில் உள்ள சங்கடமெல்லாம் ஒன்றுதான்: முதலில் யார் கையை நீட்டுவது? பணத்தை முன்னால் அனுப்பினால் சாமான் வராது என்று வாங்குகிறவருக்குப் பயம். சாமானை முன்னால் அனுப்பினால் பணம் வராது என்று விற்கிறவருக்குப் பயம். இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே 1877-ல் இந்தியத் தபால் இலாகா வந்து நின்றது. அதுதான் வி.பி.பி. தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணத்தை வாங்குவார். பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். 1880-ல் மணியார்டரும் தபாலாபீசின் வேலையாயிற்று. பட்டணத்துக் கடைக்காரர் பட்டிக்காட்டு வாடிக்கையாளரை நம்பலாம் என்று ஆயிற்று.

ஆனால் வாசகர் கவனிக்க வேண்டும்: பணம் கொடுத்த பிறகுதான் கட்டைப் பிரிக்கலாம்! வி.பி.பி. காப்பாற்றியது பெரும்பாலும் வியாபாரியைத்தான். சர்க்காருக்கும் இது தெரியாமல் இல்லை. உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவரிடம் உறுதிமொழி கேட்கவும், மோசடி நடந்தால் பணத்தை நிறுத்தி வைத்துத் திருப்பிக் கொடுக்கவும் விதிகள் செய்ய 1898-ம் வருஷத்துத் தபால் சட்டத்தில் இடம் வைத்தார்கள். (அந்தச் சட்டம் போய் 2024-ல் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.) பெரியப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் புகார் எழுதியிருக்க மாட்டார். செங்கல் வாங்கியதைக் கைப்பட எழுதி ஒப்புக்கொள்ள எந்தக் கௌரவமான மனிதருக்கு மனசு வரும்? மோசக்காரர்களின் மூலதனமே இந்த வெட்கந்தான்.

1995-ல் அமெரிக்காவில் ஈபே தோன்றியபோது பழைய பயங்கள் இரண்டும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தன. முதலில் ஜனங்கள் செக்கைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சீனாவில் நல்ல ஏற்பாடு ஒன்று வந்தது. 2003-ல் தொடங்கிய தாவ்பாவ் சந்தையில், வாங்குகிறவர் பணத்தை அலிபே என்ற நடுவரிடம் கட்டினார். சாமான் வந்து, பிரித்துப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகே பணம் வியாபாரிக்குப் போயிற்று. பெரியப்பாவுக்கு வேண்டியிருந்தது இதுதான்!

நம் நாட்டில் பிளிப்கார்ட் 2010-ல், சாமானைக் கொடுக்கும்போது பணம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1877-ம் வருஷத்து யோசனையேதான். தபால்காரருக்குப் பதில் மோட்டார் சைக்கிளில் ஒரு பையன். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. வெகு சௌகரியம், ஆனால் நேரே ஒருவருக்கு அனுப்பிவிட்டால் கையில் ரொக்கத்தைக் கொடுத்த மாதிரிதான். கிரெடிட் கார்டானால் பாங்கியிடம் முறையிட்டு வாதாடவாவது வழி உண்டு. யு.பி.ஐ.யில் ஏமாந்தவர் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

போன வருஷம் அப்படி ஒரு சந்தையில் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். என் காலேஜ் சம்பளத்துக்காக அப்பா விற்ற கடிகாரத்தின் அச்சு அசல். அடியில் பித்தளைப் பூகூட அப்படியே இருந்தது. விற்கிறவரோடு பேசினேன்.

"சந்தை மூலமா வேண்டாம், சார். கமிஷன் போகுது. என் நம்பருக்கே அனுப்பிடுங்க, 500 ரூபாய் குறைச்சுக்கறேன்" என்றார். குரலில் என்ன மரியாதை!

விரல் போன் மேலேயே இருந்தது. செங்கல் ஞாபகம் வந்தது. "நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், விலாசம் சொல்லுங்கள்" என்றேன். "அப்புறம் கூப்பிடறேன், சார்" என்றார். கூப்பிடவில்லை.

ஆசாமி யோக்கியராகவே இருந்திருக்கலாம். கமிஷன் மிச்சம் பிடிப்பது குற்றமா என்ன? மறுநாள் பார்த்தபோது படத்தைக் காணோம். யாரோ வாங்கிவிட்டிருக்கிறார்கள், கடிகாரத்தையோ செங்கலையோ.