லிப்போசோம் ஔஷதங்கள்: மருந்து வெளிப்பாட்டை முன்கணித்தல்

கொழுப்பு மூலக்கூறுகளாலான ஈரடுக்குச் சவ்வு நீரைச் சூழ்ந்து அமைக்கும் நுண்குமிழியே லிப்போசோம். இதனுள் அடைத்து இரத்தநாளத்திற் செலுத்தப்படும் மருந்து, சரீரத்தின் எவ்விடத்தில், எவ்வளவு வேகத்தில் வெளிப்படும் என்பதை முன்கூட்டி அறிய விஞ்ஞானிகள் எடுத்த முயற்சிகளின் வரலாறு, இக்குமிழியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

கேம்பிரிட்ஜை அடுத்த பாபிரகாமில் அலெக் பாங்கமும் அவர் தோழர்களும் 1960களின் நடுவில் இதனை விவரித்தபோது, உயிரணுச் சவ்வின் இயல்பை ஆராய்வதே அவர்கள் நோக்கமாயிருந்தது. இதனை மருந்தின் வாகனமாக்கலாம் என்னும் எண்ணம், கிரிகோரி கிரிகோரியாடிஸ் முதலியோரால் 1970களின் தொடக்கத்தில் வேரூன்றிற்று. எனினும், குடுவையில் ஸ்திரமாயிருந்த குமிழிகள் இரத்தத்திற் புகுந்ததும் பிளாஸ்மாப் புரதங்களால் சிதைவுற்று மருந்தைச் சிந்தின. எஞ்சியவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் கவர்ந்துகொண்டன.

இவ்விடரை வென்றது, ஜெருசலேமில் யெகெஸ்கேல் பாரன்ஹோல்ஸும் ஆல்பர்ட்டோ காபிஸோனும் உருவாக்கிய டாக்ஸில் என்னும் மருந்து. குமிழியினுள் முதலில் அம்மோனியம் சல்பேட்டை நிரப்பி, வெளியிலுள்ளதை அகற்றிவிட்டால், உள்ளிருக்கும் அம்மோனியா கசிந்து வெளியேற, அமிலத்தன்மை உள்ளே தங்குகிறது. சவ்வைக் கடந்து வரும் டாக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து அங்கே மின்னேற்றம் பெற்று, சல்பேட்டோடு கூடிப் படிகமாய் உறைந்து, திரும்ப வழியின்றி நின்றுவிடுகிறது. பாலிஎதிலீன் கிளைகால் போர்த்திய இக்குமிழி, 1995இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. மருந்தை விடுவிப்பதினும் உரிய காலம்வரை அடக்கி வைப்பதே அரிய கலை என்பதை இது தெளிவாக்கிற்று.

ஆயின் வெளிப்பாட்டை அளப்பது எங்ஙனம்? மாத்திரையைக் கரைத்து அளக்கும் பழைய பரீட்சை இங்கே பயன்படவில்லை. சவ்வுப் பையில் குமிழிகளை இட்டு, வெளியே கசியும் மருந்தை அளந்தால், பையின் சவ்வே வேகத்தைத் தடுப்பதால், கிடைக்கும் எண் குமிழியின் இயல்பையன்றிப் பையின் இயல்பையும் காட்டக்கூடும். நோயாளியின் இரத்தத்திலோ மொத்த மருந்தின் அளவு மிகுதியாயிருந்தும், அதிற் பெரும்பகுதி சிறைப்பட்டதாய், யாதொரு பயனும் விளைக்காததாய் இருக்கலாம். அமெரிக்காவில் பிரெடரிக்கிலுள்ள நானோதொழில்நுட்பப் பண்பறி ஆய்வுக்கூடம் கையாண்ட முறை இதற்குச் சிறந்த தீர்வென்றே கொள்ளத்தக்கது: கனத்த ஐசோடோப்பு சேர்ந்த அதே மருந்தை இரத்த மாதிரியிற் சிறிது கலந்தால், அது குமிழியிலிருந்து விடுபட்ட மருந்தைப் போலவே புரதத்திற்கும் நீருக்குமிடையே பங்கிட்டுப் பரவும்; நுண்வடிகட்டியைக் கடந்துவரும் அதன் விகிதத்தைக் கொண்டு, விடுபட்ட மருந்து முழுவதையும் கணக்கிட்டுவிடலாம்.

டாக்ஸிலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததை அடுத்து, இந்திய நிறுவனமாகிய சன் பார்மாவின் நிகர்மருந்து 2013இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இத்தகைய நிகர்மருந்து மூலமருந்தோடு ஒத்திருப்பதை நிறுவுவதற்கு, வெவ்வேறு உஷ்ணநிலையிலும் அமிலநிலையிலும் வெளிப்பாட்டை ஒப்பிடுவது இன்றியமையாததாயிற்று. அளந்த வேகத்தை இரத்த ஓட்டம், உறுப்புகளின் பருமன் ஆகியவற்றோடு சேர்த்துக் கணித மாதிரிகளும் வகுக்கப்படுகின்றன. ஆயினும் புற்றுக்கட்டியினுள் நிகழ்வது வேறு. அங்கே குளுட்டமினைச் சிதைக்கும் உயிரணுக்கள் வெளியிடும் அம்மோனியாவே டாக்ஸிலின் படிகத்தைக் கரைத்து மருந்தை விடுவிக்கக்கூடும் என்று பாரன்ஹோல்ஸ் குழுவினர் 2015இல் பரிசோதனை வாயிலாகக் காட்டினர். அம்மோனியா கலவாத பரீட்சைத் திரவம் எத்துணைத் துல்லியமானதாயினும், அவ்விடத்து வேகத்தை அதனால் உரைக்க இயலாது.