நோயாளர் இடாப்பிலிருந்து விண்ணப்பப் பத்திரம் வரை: டிக்கோயாவும் வைத்தியக் கல்வியும்

மலைநாட்டுத் தமிழ் மக்களின் வரலாற்றை ஆராயப் புகுந்தோர் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய மூன்றினையுமே பெரிதும் நோக்கியுள்ளனர். அம்மக்களின் வைத்திய வரலாற்றைத் தொட்டுச் சென்றோரும் வைத்தியசாலைகளையும் மரணங்களையும் கணக்கிட்டதோடு அமைந்துவிட்டனர். நோயாளர் இடாப்பில் ஒன்றரை நூற்றாண்டாகப் பெயர் பதியப்பட்டுவந்த ஒரு சமூகத்தில் தோன்றிய ஒருவர், வைத்தியராகவும் அதற்கு மேலே சென்று வைத்தியத்துறையில் கலாநிதிப் பட்டம் பெறவும் விண்ணப்பிப்பதற்கு யாது வழி இருந்தது என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. டிக்கோயாவை நிலைக்களனாகக் கொண்டு அவ்வினாவை நாம் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 'வைத்திய கலாநிதி' என்பது நமது நாட்டு வழக்கில் பதிவுபெற்ற வைத்தியர் அனைவருக்கும் உரிய மதிப்புப் பெயராகிவிட்டது. உண்மையில் அவர்களுட் பெரும்பாலோர் பெற்றிருப்பது எம்.பி.பி.எஸ். எனும் இளமாணிப் பட்டமே. எம்.டி. எனப்படுவதே அத்தொழிலுக்குரிய கலாநிதிப் பட்டமாகும். அது ஓர் ஆய்வேட்டினால் மாத்திரம் பெறப்படும் தத்துவக் கலாநிதிப் பட்டம் போன்றதன்று; நோயாளர் படுக்கையருகே ஆண்டுக்கணக்காகப் பெற்ற பயிற்சியின் மீது நிகழும் பரீட்சையினாற் பெறப்படுவது. தோட்டத்திலோ இந்த வேறுபாடுகள் எவையும் செல்லுபடியாவதில்லை. அங்கே தோட்ட மருந்தகத்தில் இருந்த டிஸ்பென்சரே 'டாக்டர் ஐயா'. பட்டம் பெற்ற வைத்தியரை வாழ்நாளில் ஓரிரு முறையே கண்ட மக்கள் தமக்கு மருந்து தந்தவருக்கு அப்பெயரைச் சூட்டியதில் வியப்பொன்றுமில்லை.

டிக்கோயாப் பள்ளத்தாக்கின் காடுகள் 1860களிற் கோப்பிக்காக வெட்டி வெளியாக்கப்பட்டன. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1884இல் புகையிரதம் ஹட்டனை வந்தடைந்தது. அதற்கு முன்னர்த் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தே வந்தனர். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் ஆகியவற்றால் வழியிலே வீழ்ந்தோர் பலர். வந்து சேர்ந்தோரும் குளிரும் ஈரமும் மிக்க லயங்களில் வயிற்றுளைவாலும் இரத்தச் சோகையாலும் நலிந்தனர்.

இந்நிலைக்கு அரசாங்கம் கண்ட விடை 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டமாகும். தோட்டங்களிடமிருந்து வரி அறவிட்டு, துரைமார் அங்கம் வகித்த குழுக்களின் பொறுப்பில் வைத்திய மாவட்டங்களை அமைக்க அது வழிசெய்தது. தம் பணத்தைத் தாமே செலவிட வேண்டியிருந்த துரைமார் அதிற் சிக்கனம் காட்டினர். எனவே 1880இல் அரசாங்கம் அப்பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பின்னர் 1912இல் நிறைவேறிய 9ஆம், 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டங்கள் நீண்டகாலம் நிலைபெற்ற ஓர் அமைப்பை உருவாக்கின. தோட்டத்தில் நோய் கண்டால் மாவட்ட வைத்திய அதிகாரிக்குத் துரை அறிவித்தல் வேண்டும்; லயங்களின் சுகாதாரத்துக்கு அவரே பொறுப்பாளி; மருந்தகம் நடத்தும் தோட்டங்களுக்குத் தொழிலாளர் தொகைக்கேற்ப மருந்து வழங்கப்படும். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலேயே தொடங்கப்பட்டது.

இவற்றால் நன்மை விளையவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. அக்காலத்துக் கிராமவாசி ஒருவருக்குக் கிட்டாத மருந்து தோட்டத்துக்கு வந்தது. ஆயினும் இச்சட்டங்கள் அனைத்திலும் தோட்டத்து மனிதர் ஒரு தலையாக எண்ணப்பட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. உழைப்புக் கெடாதிருக்க மருந்து தேவை. மருந்தை அளக்கத் தலைக்கணக்கு தேவை. அத்தலைகளுள் ஒன்று மருந்து கொடுப்போராக மாறக்கூடும் என்று எந்தச் சட்டமும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனை வேறிரு நிகழ்ச்சிகளோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு மேலை வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் மானிப்பாயில் அதனைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அங்கே வைத்தியசாலையும் வைத்தியப் பள்ளியும் ஒருங்கே வளர்ந்தன. நோயாளியின் மகனே மாணாக்கனாகும் வாய்ப்பு அந்த அமைப்பினுள்ளேயே இருந்தது. கொழும்பிலும் அவ்வாறே. வன்னியின் மக்கட்டொகை நோயினால் அருகிவந்தமையை ஆராய்ந்த வைத்தியர் ஜேம்ஸ் லூஸ், 1870இல் தொடங்கப்பட்ட இலங்கை வைத்தியப் பள்ளியின் முதல் அதிபரானார். 1880இற் கல்லூரியெனப் பெயர் பெற்ற அந்நிறுவனம், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடமாயிற்று. வைத்தியப் பள்ளி தோன்றி இரண்டே ஆண்டுகளில் வைத்தியத் தேவைகள் சட்டம் வந்தது. ஒன்று வைத்தியரை உருவாக்கியது. மற்றது அவ்வைத்தியர் சென்று பணியாற்றும் களத்தை வகுத்தது. களத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் பாதை மாத்திரம் அமைக்கப்படவில்லை. தோட்ட மருந்தகங்களுக்கான டிஸ்பென்சர்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்துமே வந்தனர்.

இனி விண்ணப்பப் பத்திரத்தை நோக்குவோம். ஒரு பத்திரத்தில் எழுதப்படும் சாதாரணக் கூறுகளான பிறப்பு, குடியுரிமை, பாடசாலை, மாவட்டம் என்பன ஒவ்வொன்றும் டிக்கோயாவைப் பொறுத்தவரை ஒரு வரலாறு உடையன.

தோட்டத்திற் பிறந்த குழந்தையின் பிறப்பை அறிவிக்கும் கடமை சட்டப்படி துரையிடம் இருந்தது. பெற்றோர் இட்ட பெயர் ஒன்றாகவும் காரியாலயத்திற் பதிந்த பெயர் வேறொன்றாகவும் அமைந்ததை மலைநாட்டிற் பழகியோர் அறிவர். பெயர் பிழைத்தால் அதைத் திருத்தப் பின்னர் அலைய வேண்டியிருந்தது. அடுத்துக் குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தந்தை வழிப் பிறப்பை ஆதாரங்களோடு நிறுவுமாறு கேட்டது. ஆதாரம் இல்லாதோர்க்கென 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ ஓர் இலட்சத்து முப்பத்துநான்காயிரம் பேரே. மலைநாட்டு மக்கள் பெருந்தொகையாக எழுதிய முதல் விண்ணப்பம் இதுவேயாகும். பட்டத்துக்கு விண்ணப்பிக்குமுன் நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே இச்சிக்கல் சட்டத்தளவில் தீர்ந்தது. வைத்தியப் பட்டம் பெற்றவர் அரசாங்க வைத்தியசாலையிலேயே பயிற்சியும் நியமனமும் பெறவேண்டிய ஒரு நாட்டில், குடியுரிமையற்ற வீட்டுப் பிள்ளைக்கு அப்பட்டம் ஒரு தொலைவான கனவாகக்கூட இருந்திராது.

பாடசாலையைப் பற்றி விரிக்கிற் பெருகும். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. ஓராசிரியர், ஒரே கூடம், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே அவற்றின் பொதுவான இயல்பு. 1970களிலேயே அவை அரசாங்கப் பொறுப்புக்கு வரத் தொடங்கின. 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 51 ஆக இருக்கையில் தோட்டத்துறையில் அது 144 ஆக உயர்ந்தது. உணவுப் பஞ்சத்தின் காலம் அது. அவ்வாண்டிற் பிறந்து பிழைத்த குழந்தையே 1990களின் தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியிருக்கவேண்டியது. பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் தமிழிற் கற்பிக்க ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலை ஹட்டன் போன்ற நகரங்களிலேயே இருந்தது. மலையின் உச்சிப் பிரிவிலிருந்து நாள்தோறும் இறங்கி ஏறும் செலவு ஒரு குடும்பத்தின் நாட்சம்பளத்தோடு மோதியது.

மாவட்டம் என்னும் கூறே நமது ஆய்வில் மிக நுட்பமானது. 1971இல் வைத்திய பீட அனுமதிக்குச் சிங்கள மொழி மாணவர்க்கு 229 புள்ளிகளும் தமிழ்மொழி மாணவர்க்கு 250 புள்ளிகளும் எல்லையாக வகுக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டது. இது யாழ்ப்பாணத்துக்கு இழைத்த தீங்கைப் பற்றி நிரம்ப எழுதப்பட்டுள்ளது. அதே முறை பின்தங்கிய மாவட்டமான நுவரெலியாவுக்கு ஒரு வாயிலைத் திறந்தது என்பதையும் மறுத்தலாகாது. ஆனால் ஒதுக்கீடு மக்கட்டொகையை அடிப்படையாகக் கொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அவர்களது தலைகளை எண்ணியே மாவட்டத்துக்கு இடங்கள் கிடைத்தன. அவ்விடங்களை அடைவதற்கான புள்ளிகளையோ ஆய்வுகூடம் உடைய பாடசாலைகளே ஈட்டின. வெளிமாவட்டத்தார் இங்கு வந்து பதிந்து தோற்றுகின்றனர் என்ற முறைப்பாடும் காலத்துக்குக் காலம் எழுந்துள்ளது. 1912இன் தலைக்கணக்கு மருந்துக்காக எண்ணியது. இது பல்கலைக்கழக இடத்துக்காக எண்ணுகின்றது. எண்ணப்பட்டோருக்கும் பெற்றோருக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் உண்டு என்பது எமது துணிபு.

இவை யாவற்றையும் கடந்து வைத்திய பீடம் புகுந்தோர் உளர். இன்று அவர்தம் தொகை முன்னையினும் மிகுதி. அவர்கள் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வழி தனியானது. முன்னாளில் விசேட வைத்தியராக விரும்பியோர் பெரும்பாலும் இங்கிலாந்து சென்று அங்குள்ள கல்லூரிகளின் பரீட்சைகளில் தேறினர். திரும்பி வராதோரும் பலர். 1980இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் தோன்றிய பின்னர் அப்பயிற்சி உள்நாட்டிலேயே நிலைகொண்டது. விண்ணப்பதாரர் பட்டம் பெற்று, உள்ளகப் பயிற்சி முடித்து, வைத்திய சபையிற் பதிந்து, குறித்த கால சேவையையும் காட்டவேண்டும். தெரிவுப் பரீட்சையில் தேறினால் பயிலுநர் இடம். பல ஆண்டுப் பயிற்சியின் பின்னர் எம்.டி. பரீட்சை; அதன் மேலும் சிரேஷ்ட பயிலுநர் காலமும் வெளிநாட்டுப் பயிற்சியும். சமுதாய மருத்துவம் போன்ற துறைகளில் ஆய்வேடும் வேண்டப்படும். உயர்தரப் பரீட்சை எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் செல்லும். தந்தையின் ஓய்வுக்குமுன் உழைக்கத் தொடங்கவேண்டிய மூத்த பிள்ளைக்கு அப்பதினைந்து ஆண்டுகள் யார் தருவது?

சமுதாய மருத்துவத்தைக் குறிப்பிட்டமைக்குக் காரணம் உண்டு. நாட்டின் சுகாதார அளவைகள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பகுத்தே மக்களை நோக்குகின்றன. எடை குறைந்த குழந்தைகள், தாய்மாரின் இரத்தச் சோகை என்பன தோட்டத்தைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வருபவை. தோட்டம் ஆய்வுப் பொருளாக இருப்பதில் குறையில்லை; ஆய்வாளரும் அங்கிருந்து வரும்போது வினாக்கள் மாறும். லயத்து அறையில் அடுப்பு எங்கே இருந்தது, பச்சைக் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கும் பிள்ளைமடுவத்திற் பாலூட்டும் நேரத்துக்கும் இடையில் தாய் எவ்வளவு ஏறி இறங்கினாள் என்பன வினாக்கொத்தில் இடம்பெறுவதற்கு, அவ்வழியே நடந்த ஒருவர் அதை வகுத்தல் வேண்டும்.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், டிக்கோயாக் கிளங்கனில் இந்திய அரசாங்கத்தின் உதவியோடு கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலைத் தொகுதியை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். கட்டடத்தையும் கருவியையும் ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு வழங்கலாம். அக்கட்டடத்துக்குத் தேவையான விசேட வைத்தியர்கள் மேற்கூறிய பட்டத்தைப் பெற்று, சுகாதார அமைச்சின் இடமாற்றப் பட்டியலின் வழியே வந்துசேர வேண்டியவர்கள். குளிர் பிரதேசத்திற் சிறிது காலம் இருந்துவிட்டுக் கொழும்புக்கோ கண்டிக்கோ மாறிச் செல்லல் அவர்களுக்கு இயல்பு. அதனைக் குற்றமென நாம் கூறோம். ஆயினும் அப்பட்டியலிற் டிக்கோயாவைத் தன் முதல் விருப்பாக எழுதத்தக்கவர் யாரெனில், வெளிநோயாளர் பகுதியில் வரிசையாக இருக்கும் தாய்மாரின் மடியிலிருக்கும் பிள்ளைகளே. அவர்களுட் சிலர் இப்பொழுது ஹட்டனில் உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்கின்றனர்.