கொழுந்துக் காசில் எடுத்த படம்

'சோங் ஒப் சிலோன்' படத்தைப் பேசும் படங்களோடு சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் 1934இல் பசில் ரைட் இலங்கையில் பிடித்தது வெறும் காட்சி மட்டுமே. பேச்சும் இசையும் பிறகு லண்டனில் சேர்ந்தவை.

ரைட், ஜோன் கிரியர்சனின் முதல் சீடர். கிரியர்சன் 1929இல் வெளியிட்ட 'ட்ரிஃப்டர்ஸ்', வடகடல் மீனவர்களைப் பற்றிய ஊமைப்படம். உழைக்கிற கைகளையும் முகங்களையும் வெட்டி ஒட்டியே ஒரு படத்தை நிறுத்தலாம் என்று அது காட்டியது. அந்தப் பாடத்தோடுதான் ரைட் இங்கே வந்திறங்கினார். அனுப்பியது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. கேட்டதோ நான்கு சிறு படங்கள்; கிடைத்தது இந்த ஒரு படம். அந்தச் சபை நடந்தது ஏற்றுமதித் தேயிலைக்கு விதித்த தீர்வையில். எங்கள் ஆட்கள் பறித்த கொழுந்தின் காசுதான் படச்சுருளுக்கும் போயிருக்கிறது.

ரைட்டின் மனம் தங்கிய இடம் சிவனொளிபாத மலை, எங்கள் சபரகமுவாவின் எல்லை மலை. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாக ஏறுவது பழைய பாதை. யாத்திரிகர் உச்சியை அடைந்தபின் மணி ஒலிக்க, பறக்கும் பறவையும் புத்தர் சிலைகளும் மாறி மாறி வரும் அந்த இடம், ருஷ்ய ஊமைப்படங்களில் கற்ற வித்தை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

படத்தின் மூன்றாம் பகுதி வேறு. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவரின் மகன் நான். திரையில் உழைப்பு, காதில் சந்தை விலையும் கம்பனிக் கடிதங்களும். காசு கொடுத்தவர்களின் படத்துக்குள்ளேயே, யாருக்காக இந்த உழைப்பு என்று கேட்கவைத்த துணிச்சலை மனதார மதிக்கிறேன். ஆனால் விளக்கவுரை 1681இல் அச்சான ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து வருகிறது; வாசிப்பவர் கொழும்பின் லயனல் வெண்ட். கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயருக்கு 250 வருடம் கழித்தும் குரல் கிடைத்தது. மலையில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுச் சத்தமும் கங்காணியின் அதட்டலும் நிறுவைக்காரரோடு நடக்கும் வாக்குவாதமும் எங்கே?

1935இல் பிரசல்ஸ் விழாவில் படத்துக்கு முதல் பரிசு. ஆனால் அந்தப் பரிசுக்கு முன்பே, 1934 கடைசியில், மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருக, கேகாலையில் மலேரியா மூண்டிருந்தது. தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். படத்தில் அது இல்லை; கமரா போன பிறகு வந்த சாவு அது. ரைட்டைக் குறைசொல்ல இடமில்லை.

தோட்டப் பாடசாலைகளில் இந்தப் படத்தை, எடுத்தபடியே, ஒலியை நிறுத்திப் போடவேண்டும். கொழுந்தெடுத்து ஓய்ந்த அம்மாமார் பக்கத்திலிருந்து சொல்லட்டும்: எந்த இலையைக் கிள்ளலாம், எதை விடவேண்டும், தராசில் எத்தனை றாத்தல் கழித்தார்கள் என்று.