வைரத்தின்மேல் ஒரு செவ்வகம்

2010 டிசம்பர் 30. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், யாங்கி ஸ்டேடியத்தின் மேலடுக்கில் உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் முன்பு கொட்டிய பனி தெருவோரங்களில் அழுக்குக் குவியலாகக் கிடந்தது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கும் கேன்சஸ் ஸ்டேட்டுக்கும் ஃபுட்பால். நாம் நினைக்கிற கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி, எதிராளிகள் மேலே வந்து விழ விழ, கஜம் கஜமாக நிலம் பிடிக்கிற அமெரிக்க ஆட்டம். நிலம் பிடிப்பதுதான் ஆட்டமே.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கழுத்து வலித்தது. காரணம், இருக்கைகள். பேஸ்பாலுக்காகக் கட்டிய அரங்கில் அவை மட்டையாளர் நிற்கும் மூலையைப் பார்த்தபடிதான் அமைந்திருக்கும். அந்த மூலையிலிருந்து விரியும் சாய்சதுரத்தை அமெரிக்கர்கள் 'வைரம்' என்பார்கள். அந்த வைரத்தைப் புல்லால் மூடி, மேலே 100 கஜச் செவ்வகம் ஒன்றை வெள்ளைக் கோடுகளால் வரைந்திருந்தார்கள். கட்டடம் ஒரு பக்கம் பார்க்க, ஆட்டம் வேறு பக்கம் ஓடியது. அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்தில் இலினாய் அணியும் நார்த்வெஸ்டர்ன் அணியும் ஆடியபோது, செவ்வகத்தின் ஒரு முனை சுவரை ஒட்டிவிட்டது. உடனே இரண்டு அணிகளும் ஒரே திசையில்தான் தாக்கி ஆட வேண்டும் என்று விதியையே மாற்றினார்கள். இடம் போதாவிட்டால் விதி வளையும். யாருக்காக வளையும் என்பதுதான் கேள்வி.

இந்த இரவல் ஆட்டம் புதிதல்ல. தெருவுக்கு எதிர்ப்புறம் 1923 முதல் 2008 வரை இயங்கிய பழைய யாங்கி ஸ்டேடியத்தில் ராணுவக் கல்லூரியும் நோட்ர டாமும் மோதியதை விளையாட்டு வரலாறுகள் உருகி உருகி எழுதும். 1946இல் 0–0 என்று முடிந்த ஆட்டத்துக்கு 'நூற்றாண்டின் ஆட்டம்' என்றே பட்டம். அதே மண்ணில் 1968 செப்டம்பர் 28 அன்று நடந்ததைப் பற்றி அத்தனை பேச்சில்லை. லூசியானாவின் கிராம்ப்ளிங், பால்டிமோரின் மார்கன் ஸ்டேட் என்ற இரண்டு கறுப்பினக் கல்லூரிகள் அன்று ஆடின. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றின் அணிகளில் அப்போதும் ஒரு கறுப்பு மாணவன்கூடக் கிடையாது. அர்பன் லீக் அமைப்புக்கு நிதி திரட்டுவதற்கான அந்த ஆட்டத்துக்கு 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். மார்கன் ஸ்டேட் 9–7 என்று ஜெயித்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கணக்கு அல்ல. மறுக்கப்பட்ட வெளியை ஒரே ஒரு நாள் இரவல் வாங்கி, அதைத் தங்கள் கூட்டத்தாலேயே நிரப்பிக் காட்டினார்களே, அது!

சரி, நான் உட்கார்ந்திருந்த புதிய ஸ்டேடியம் யாருடைய இடம்? 2006 ஆகஸ்டில் கட்டுமானம் தொடங்கும்வரை அது மேகோம்ஸ் டாம் பூங்காவும் முல்லாலி பூங்காவின் ஒரு பகுதியும். தெற்கு பிராங்க்ஸின் கறுப்பு, லத்தீன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் ஓடியாடிய பொதுநிலம். 2005இல் மாநிலச் சட்டமன்றம் அதைப் பூங்காக் கணக்கிலிருந்து அவசர அவசரமாக நீக்கியது. அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். நூற்றுக்கணக்கான வளர்ந்த மரங்கள் சாய்ந்தன. கட்டடச் செலவுக்கு வரிவிலக்குப் பத்திரங்கள் கிடைத்தன. எல்லாம் சட்டப்படிதான். நம்ம பாஷையில் சொன்னால், மந்தைவெளியை வளைத்துவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருந்தபோது கேன்சஸ் ஸ்டேட் பையன் ஒருவன் பந்தோடு ஓடி எல்லையைத் தொட்டான். 36–34. இன்னும் இரண்டு புள்ளி எடுத்தால் சமன். அவன் கூட்டத்தைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தான். நடுவரின் மஞ்சள் துணி பறந்தது. 'விளையாட்டுப் பண்பற்ற நடத்தை' என்று 15 கஜம் அபராதம். 3ஆவது கஜத்திலிருந்து எடுக்க வேண்டிய முயற்சியை 18ஆவது கஜத்திலிருந்து எடுத்தார்கள், தோற்றார்கள். பக்கத்திலிருந்த நண்பர் கேட்டார்: "என்னய்யா, ஒரு சல்யூட்டுக்கா பதினஞ்சு கஜம்?"

உழைக்கிற உடல் தனக்கென்று ஒரு சைகைகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பதாகவே அதை நான் வாசித்தேன். அன்று டிக்கெட்டுக்கும் தொலைக்காட்சி உரிமைக்கும் பணம் புரண்டது. ஆடியவர்களுக்குச் சம்பளம் கிடையாது, படிப்புதவிதான். 1955இல் கொலராடோவில் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மாணவர் ஒருவர் இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்ட அவர் மனைவிக்கு 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. அந்தக் காலத்தில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் புழக்கத்தில் விட்ட சொல்தான் 'மாணவ வீரர்'. மாணவர் என்றால் தொழிலாளி இல்லையே! சங்கத்தின் அன்றைய தலைமை நிர்வாகி வால்டர் பயர்ஸே பிற்காலத்தில் மனம் மாறி, 1995இல் அந்த அமைப்பைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பு 'விளையாட்டுப் பண்பற்ற நடத்தை'. அந்தப் பையன்மேல் சுமத்திய அதே குற்றம்தான். ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021இல்தான் வழி திறந்தது. பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பணம் தர 2025இல் ஒரு வழக்கின் உடன்பாடு தேவைப்பட்டது.

வெளியே வந்தோம். 161ஆம் தெருவுக்கு அப்பால் பழைய ஸ்டேடியத்தை இடித்த இடம் வேலிக்குள் கிடந்தது. பறித்த ஓட்டப்பாதைக்கு ஈடாகக் கார் நிறுத்தும் கட்டடத்தின் கூரைமேல் ஒன்று போட்டிருந்தார்கள். மாற்று மைதானம் அந்த வேலிக்குள் வரும் என்றார்கள். வந்தது, 2012இல். கோடு போடுகிறவர்கள் ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டத்துக்கு இடம் பண்ணிவிடுகிறார்கள். 2006இல் எட்டு வயதாயிருந்த பிராங்க்ஸ் பிள்ளைக்கு, தன் மைதானம் திரும்பக் கிடைத்தபோது வயது பதினான்கு.